பெருசின் முன் சக்கரங்கள்

எழுந்ததும் அடுப்பில் பாலை வைப்பான். பால் பொங்குவதற்குள் பல் தேய்த்து முடித்துவிடுவான். பிறகு எடை பார்க்கும் மெஷினை எடுத்துக் கூடத்தில் தரை சமமாக இருக்கும் இடத்தில் வைப்பான். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அதன்மேல் ஏறி நிற்பார். அவன் குனிந்து எண்ணைப் படித்துச் சொல்வான். அத்தை இறங்கிக்கொள்வார். அரை டம்ளர் டீ. நாள் முழுவதற்கும் அத்தை குடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மேஜைமேல் வைப்பான். அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது.

அதன்பின் வாசலுக்கு வந்து, பெருசு என்று அவர்கள் கூப்பிடும் பழைய வண்டியின் பானெட்டைத் திறப்பான். ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு, உருவிப் பார்ப்பான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவான். டீசல் பம்பைக் கட்டைவிரலால் நாலு அமுக்கு அமுக்குவான். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பான். பானெட்டை மூடுவான். சாவியைப் பாதி திருகி, சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருந்து, மீதியைத் திருகுவான். பெருசு இரண்டு தடவை இருமிவிட்டு உயிர் பிடித்துக்கொள்ளும்.

எதையும் யோசித்துச் செய்வதில்லை. கை அதுபாட்டுக்குச் செய்யும்.

அன்று காலையும் கை செய்தது. மெஷின் காட்டிய எண்தான் சரியில்லை.

"எவ்வளவு?" என்றார் அத்தை.

"ஏறியிருக்கு."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

சொன்னான்.

"ம். குடம் நிறைஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டு அத்தை இறங்கினார். அந்த ஓரங்குல உயரத்திலிருந்து இறங்கியதற்கே மூச்சு வாங்கியது.

அத்தை என்றால் அவன் மனைவியின் அம்மா. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த சில நாள் ஓடும். போன தடவை போக முடியவில்லை. மழை. பாதி வழியில் பெருசு சேற்றில் மாட்டி, ரிவர்ஸிலேயே வீடு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் மழை விடவே இல்லை. அத்தையின் கால் செருப்புக்குள் நுழைய மறுத்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுவதும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்பில் சேரும் தண்ணீர் நுரையீரலுக்குள் ஏறிவிட்டால் அவ்வளவுதான் என்று நர்ஸ் ஒருமுறை அவனிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

விடியும்போது மழை விட்டிருந்தது.

"கிளம்புங்க அத்தை."

"நான் வரல மாப்பிள்ளை."

"இன்னிக்கு விட்டா முடியாது."

"போன தடவ சேத்துல உக்காந்து வேடிக்க பாத்தோமே, அது போதும் எனக்கு. இன்னிக்கு எப்படிப் போறதா உத்தேசம்? பறந்தா?"

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து பார்த்தாயிற்று. டிரைவர் இந்தப் பாதையை அறிந்தவன். "வேன் உள்ள வராது சார். தார் ரோட்டுக்கு வந்துட்டுக் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டான். தார் ரோட்டுக்கு வந்துவிட்டால் அவனை யார் கூப்பிடப் போகிறார்கள்?

"ஒண்ணு செய்ங்க," என்றார் அத்தை. "எம்பொண்ணு கடைசியா என்ன சொன்னான்னு சொல்லுங்க. வர்றேன்."

"ஒண்ணும் சொல்லல."

"இதையேதான் அன்னியிலேர்ந்து சொல்றீங்க."

"அதான் நடந்துச்சு."

"உங்களுக்குப் பொய் வராது மாப்பிள்ளை. மூஞ்சி காட்டிக் குடுத்துரும். என் சர்வீஸ்ல உங்கள மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பேன்."

அத்தை கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிக்கூண்டில் நிற்பவன் வாயிலிருந்து விழுகிற வார்த்தையை விழுந்தபடியே தாளில் அடிப்பது அவர் வேலை. தும்மினால்கூட அடிப்பேன் என்பார். யாராவது ஒரு விஷயத்தைச் சுருக்கிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "சாராம்சம் வேணாம், வார்த்தையச் சொல்லு," என்று மகளைச் சின்ன வயதிலிருந்து அதட்டி வளர்த்தவர். அந்த மகள் இறந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடிக்குக் கீழே, மெஷினில் இருந்தார். ஊசியைப் பிடுங்கிவிட்டு ஓட முடியாதே. மேலே என்ன நடந்தது என்று அறிந்த ஒரே ஆள் அவன். அவனோ வாயைத் திறப்பதில்லை.

அவன் அத்தையின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் மாமியாரைத் தொட்டுப் பேசியதுகூட இல்லை. அத்தை கனத்தார். ஆனால் திமிறவில்லை. திமிற மூச்சு இல்லை.

"இது வழிப்பறி," என்றார்.

அவனுடைய அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்பாள்: பெண்டாட்டியே போய்விட்டாள், மாமியார் உனக்கு எதற்கு? தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடேன். அவன் "பாக்கலாம்" என்பான். அத்தை இருமும் சத்தம் கேட்டுத்தான் அவனுக்கு விடிகிறது என்பதை எப்படிச் சொல்ல? எடை பார்க்கவும், தண்ணீர் அளக்கவும், டவுனுக்குக் கூட்டிப் போகவும் ஒரு ஆள் இருப்பதால்தான் அவன் கை தினமும் அசைகிறது. இந்த ஆளும் போய்விட்டால் அவன் எதற்காகப் பல் தேய்க்க வேண்டும்?

பின் சீட்டில் அத்தையை ஏற்றித் தலையணையை முதுகுக்குக் கொடுத்தான். அதுதான் அத்தையின் இடம். டிரைவர் சீட் அவன் மனைவியுடையது. இடப்பக்கம் அவனுடையது. இப்போது அவன் டிரைவர் சீட்டில் உட்காருவதால் வண்டியில் காலியாக இருப்பது அவனுடைய இடம்.

பெருசு என்று பெயர் வைத்தவள் அவள். கல்யாணமான புதிதில் ஒரு கல்குவாரிக்காரரிடமிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்போதே அதற்கு வயதாகியிருந்தது. அவள் சாலை போடும் கம்பெனியில் இன்ஜினியர். வேலை நடக்கும் இடமெல்லாம் மண்ணும் ஜல்லியுமாகத்தான் இருக்கும் என்பதால் இந்த மாதிரி வண்டி தேவை என்றாள். அது பாதி உண்மை. மீதி ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார்கள். அத்தை வாசலில் நின்று, "உயிரோட இருக்கீங்களா, கால் மட்டும் தெரியுது," என்று குரல் கொடுப்பார். வீட்டுக்கு வரும் பாதை மட்டும் மண்பாதையாகவே இருந்தது. "ஊருக்கெல்லாம் ரோடு போடுறேன், எனக்கு யாராவது போடக் கூடாதா," என்று ஒவ்வொரு மழைக்கும் அவள் புலம்புவாள். புலம்பினாலும் சேற்றில் ஓட்ட அவளுக்குக் கொள்ளை ஆசை. இறங்கி, முன் சக்கரங்களை இன்ஜினோடு சேர்க்கும் லாக்கைப் போட்டு, ஏறி, குட்டிக் கியரை முன்னே தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பெருசு எருமை மாதிரி நிதானமாகச் சேற்றைக் கடந்து மறுபக்கம் போய் உதறிக்கொள்ளும்.

அவள் கோடையில் இறந்தாள். அதன்பின் வெயில். பாதை காய்ந்து கிடந்ததால் நாலு சக்கரத்துக்கு வேலை இருக்கவில்லை. மழைக்காலம் தொடங்கியதும்தான் தெரிந்தது, முன் சக்கரங்கள் இழுப்பதில்லை.

அவன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். மெக்கானிக் அவனை சயின்டிஸ்ட் என்றுதான் கூப்பிடுவான். குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாயும் கையுமாக அவனை ஒருமுறை பார்த்துவிட்டதுதான் காரணம்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சயின்டிஸ்ட்."

"முன்னாடி இழுக்க மாட்டேங்குது."

"ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டினேனா இல்லயா? முன்னாடி சுத்துச்சா இல்லயா?"

"சுத்துச்சு. சேத்துல சுத்தல."

"லாக் போட்டீங்களா?"

"போட்டேன்."

"கியரு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் நான் என்னத்தப் பிரிக்க? தூக்கி வச்சா சிரிக்குது, எறக்கிவிட்டா அழுவுதுன்னா கொழந்தைக்கு வேணா வைத்தியம் இருக்கு, வண்டிக்கு இல்ல." துணியில் கையைத் துடைத்தான். "அக்கா ஓட்டுறப்ப இதே வண்டிதான் சேத்துல டான்ஸ் ஆடும்." சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியிருக்க வேண்டும். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

அவன் நம்பவில்லை. இரண்டு ஞாயிறு தனியாக அடியில் படுத்தான். கியர் பெட்டியின் ஆயிலை வடித்துப் புது ஆயில் விட்டான். குட்டிக் கியரின் கம்பியில் தேய்ந்த புஷ்ஷை மாற்றினான். முன்பக்கம் போகும் நீளத் தண்டின் மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் அடித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிற ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சரிவு இறங்கும்வரை பெருசு ஒழுங்காக வந்தது. சின்னப் பாலத்தையும் தாண்டியது. அதற்கு அப்பால் பள்ளம். இரண்டு பக்கத்து மேட்டிலிருந்தும் வழிந்த செம்மண் அங்கே வந்து கூழாகத் தேங்கியிருந்தது. பள்ளத்தைத் தாண்டி ஒரு மேடு. மேட்டில் ஏறிவிட்டால் தார் ரோடு.

பள்ளத்துக்கு முன்னால் நிறுத்தி இறங்கினான். பானெட்டைச் சுற்றிக்கொண்டு போய், முன் சக்கரத்தின் நடுவில் மூடிபோல் இருக்கும் திருகைப் பிடித்துத் திருப்பி லாக் போட்டான். மறுபடி சுற்றிக்கொண்டு வந்து ஏறினான். குட்டிக் கியரைத் தள்ளினான். கடக் என்று விழுந்தது. கிளட்சை மெல்ல விட்டான்.

பாதிப் பள்ளம்வரை வந்தது. பிறகு பின் சக்கரம் இரண்டும் வெறி பிடித்த மாதிரி சுற்றின. சேறு கூரைவரை அடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்துகொண்டது.

எட்டிப் பார்த்தான். முன் சக்கரங்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சும்மா இருந்தன.

"வந்தாச்சா டவுனு?" என்றார் அத்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்தார். உதடு நிறம் மாறியிருந்தது.

இறங்கினான். முழங்கால்வரை சேறு. ஓரத்துக் கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். ஏறி மிதித்தான். சக்கரம் கல்லை விழுங்கிவிட்டு மேலும் இறங்கியது. கால்மிதிகளை உருவிப் போட்டான். அவற்றைப் பின்னால் வீசி எறிந்தது. கிளைகளை ஒடித்துக்கொண்டு வந்து போட்டான். ஜாக்கியை வைத்துத் தூக்கப் பார்த்தான். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போயிற்று. போனை எடுத்தான். மெக்கானிக் எடுக்கவில்லை. பக்கத்து நிலத்து டிராக்டர்காரர் எடுத்தார். டிராக்டர் டவுனில் நிற்கிறதாம், டயர் கழற்றி வைத்திருக்கிறார்களாம். "மத்தியானம் வரட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

மத்தியானம்.

பானெட்டை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். இன்னொரு தடவை அறைந்தான். "இழுடா," என்று கத்தினான். "இழுத்துத் தொலைடா கிழவா!" அவள் இறந்த நாளில்கூட அவன் கத்தியதில்லை. அவனுடைய குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

பின் கதவைத் திறந்தான். "அத்தை, முதுகுல ஏறுங்க."

"என்னது?"

"மேடு வரைக்கும்தான். தூக்கிட்டுப் போயிர்றேன்."

"பைத்தியமா உங்களுக்கு?"

திரும்பி நின்று, அத்தையின் கைகளைத் தோளுக்குமேல் இழுத்துப் போட்டு, எழுந்தான். ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. அத்தையின் நெஞ்சு அவன் முதுகில் அழுந்தியது. காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. கொதிக்கும் தண்ணீருக்குள் யாரோ ஊதுவது போன்ற சத்தம். அது அத்தையின் மூச்சு என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. குனிந்து போனால் அத்தைக்கு மூச்சு இல்லை. நிமிர்ந்தால் அவனால் நடக்க முடியவில்லை. வலது கால் வழுக்கியது. விழுந்துவிடாமல் பெருசின் பக்கவாட்டில் போய் மோதிக்கொண்டு நின்றான்.

பின் கதவு எட்டவில்லை. முன்பக்கத்து இடது கதவுதான் கைக்கு வந்தது. அதைத் திறந்து அந்த சீட்டிலேயே அத்தையை உட்கார வைத்தான். அவனுடைய பழைய இடத்தில்.

அத்தை கண்ணை மூடி மூச்சைத் தேடினார். கிடைத்த முதல் மூச்சில், "மாமியார உப்புமூட்ட தூக்கின மொத மாப்பிள்ளை நீங்கதான்," என்றார். சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. இருமலில் நுரை.

அந்த நுரையைப் பார்த்ததும் அவனுக்குள் எல்லாம் காலியாகிவிட்டது. அழுகையும் வரவில்லை. எந்த நினைப்பும் வரவில்லை. கை மட்டும், வேறு வேலை தெரியாததால், மறுபடி அந்த லாக்கிடம் போயிற்று. ஒருவேளை சரியாக விழவில்லையோ? கதவுக்கு முன்னாலேயே இருந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, திருகைத் திருப்பி லாக்கை எடுத்து, மறுபடி போட்டான். சரியாகத்தான் விழுந்தது.

"விட்டுருங்க," என்றார் அத்தை மேலேயிருந்து. "என்ன இங்கயே விட்டுட்டு நீங்க நடந்து போங்க. வேலைக்கு நேரமாகும்."

"பேசாம இருங்க அத்தை."

"அத எதுக்குத் திருப்பித் திருப்பித் திருகுறீங்க?"

"இதப் போட்டாத்தான் முன்சக்கரம் இழுக்கும்."

"இழுக்கலையே."

"அதான் தெரியல."

அத்தை மூச்சை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு, தாளில் விடுபட்ட வரி ஒன்றைக் கண்டுபிடித்த குரலில், "அந்தப் பக்கம்?" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம். எனக்குத் தெரிஞ்சு காலையிலேர்ந்து இந்தப் பக்கமேதான் வந்து குனியறீங்க. பின்னாடி உக்காந்திருந்தப்ப எதுக்குன்னு தெரியல. இப்ப தெரியுது. அந்தப் பக்கச் சக்கரத்துக்கு வேணாமா?"

"அந்தப் பக்கம் அவ போடுவா," என்றான்.

மண்டியிட்ட முழங்கால் சேற்றில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு மழைக்கும் அதுதான் வழக்கம். அவள் வலப்பக்கம் இறங்குவாள், அவன் இடப்பக்கம் இறங்குவான். அவரவர் சக்கரத்தில் அவரவர் லாக் போடுவார்கள். பானெட்டுக்குமேல் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஏறுவார்கள். இடது சக்கரம் அவனுடையது. அவள் போன பிறகும், வலப்பக்கம் இறங்கி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அவள் சக்கரத்தைத் தொடாமல், பானெட்டைச் சுற்றிப் போய்த் தன் சக்கரத்துக்கு மட்டும் லாக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு பக்கம் போட்டு ஒரு பக்கம் விட்டால் இன்ஜினின் சக்தியெல்லாம் விட்ட பக்கத்தில் வீணாகச் சுற்றிப் போய்விடும். தரையில் இரண்டு சக்கரமும் நிற்கும்; சுமையில்லாமல் ஜாக்கியில் தூக்கினால் மட்டும் லாக் போட்டது சுற்றிக் காட்டும். இது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவள்தான் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். மெக்கானிக் கேட்டபோது லாக் போட்டேன் என்று அவன் சொன்னதும் பொய் இல்லை. போட்டான். தன்னுடையதை.

எழுந்து, பானெட்டைப் பிடித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனான்.

வலது சக்கரத்தின் திருகு கோடைப் புழுதியும் மழைச் சேறுமாக இறுகிக் கிடந்தது. சட்டையின் நுனியால் துடைத்தான். எழுத்து எப்போதோ அழிந்துவிட்டதால் எந்தப் பக்கம் திருப்பினால் லாக் என்று அடையாளத்துக்கு அவள் நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். கருஞ்சிவப்பு. அது இருந்தது. திருப்பினான். அசையவில்லை. வெறும் விரலால் முடியாது என்று இடுக்கியை எடுத்துவந்து பிடித்தான். வழுக்கியது. துணி சுற்றிப் பிடித்தான். ஜாக்கிக் கம்பியால் சுற்றிலும் தட்டினான். மறுபக்கத்திலிருந்து அத்தையின் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்வரை தட்டலாம் என்று நினைத்தான். தட்டினான். விரல் கிழிந்து திருகு ரத்தத்தில் நனைந்த பிறகு அது ஒரு முனகலோடு திரும்பி, பொட்டுக்கு நேராக வந்து நின்றது.

ஏறினான். கியரைத் தள்ளினான். கிளட்சை விட்டான். முன் சக்கரங்கள் மண்ணைக் கடித்தன. பெருசு ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல், பள்ளத்திலிருந்து ஏறிற்று. மேட்டில் ஏறிற்று. தார் ரோட்டுக்கு வந்தது.

சந்தோஷம் வரவில்லை. இனி இரண்டு லாக்கையும் அவன்தான் போட வேண்டும்.

தார் ரோட்டில் நிறுத்தி இரண்டையும் எடுத்துவிட்டு ஏறினான். அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் டவுன்வரை அவன் காது முழுக்க அந்த மூச்சில்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை நின்றுவிட்டதோ என்று நினைத்துப் பிரேக்கில் காலை வைத்தான். "ஓட்டுங்க," என்றார் அத்தை.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியைக் கொண்டுவருவதற்குள் அவனே அத்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். இருவர் உடம்பிலும் சேறு. நர்ஸ் ஒரு பார்வை பார்த்தாள்.

"போன தடவ ஏன் வரல? இப்படித்தான் கொண்டுவருவீங்களா? நெஞ்சு பூரா தண்ணி. கேக்குதா சத்தம்?"

கேட்டது.

மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்த்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். ஊசி போடும் டெக்னீஷியன் டேப்பைக் கிழித்துத் தயாராக ஒட்டி வைத்துக்கொண்டு, "கைய நீட்டுங்கம்மா," என்றான்.

அத்தை இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, கைய நீட்டுங்க."

"மாட்டேன்."

"என்னம்மா இது, சின்னப் புள்ள மாதிரி."

அத்தை ஆக்சிஜன் மூடியைக் கீழே இழுத்துவிட்டார். "இவரு ஒரு பதில் சொல்லணும். சொல்லட்டும். நீட்டுறேன்."

"உங்களுக்கு நேரமில்லம்மா," என்றாள் நர்ஸ். குரலில் இப்போது கோபம் இல்லை. பயம் இருந்தது. அவனைப் பார்த்து, "சார், என்ன கேக்குறாங்களோ அதச் சொல்லித் தொலைங்க," என்றாள்.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தான். "அத்தை, மொதல்ல மெஷின். அப்புறமா சொல்றேன்."

"இதே நாற்காலி," என்றார் அத்தை. மூச்சு. "இதுலதான் உக்காந்திருந்தேன். மேல எம்பொண்ணு போயிட்டா. நான் இங்க…" மூச்சு. "டிவில சமையல் நிகழ்ச்சி பாத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கு மறுபடி அதே நாற்காலியில தெரியாமயே உக்காரச் சொல்றீங்களா?"

அவன் நிமிர்ந்து நின்றான். டெக்னீஷியன் மெஷின் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

"என்னக் கீழ அனுப்பிட்டா," என்றான்.

அத்தை ஆக்சிஜன் மூடியை இறக்கியபடியே பிடித்திருந்தார்.

"காய்ச்சல் கொறைஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. நல்லாப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. திடீர்னு ஒண்ணு சொல்லி என்னக் கீழ போகச் சொன்னா. போனேன். ரொம்ப நேரம் ஆகல. லிஃப்ட்ல கூட்டம்னு படியேறி வந்தேன். வந்தா திரை போட்டிருந்தாங்க. உள்ள விடல. அதுக்குள்ள ரத்தம்… உள்ளயே கசிஞ்சிருச்சுன்னாங்க. அவ கடைசியாப் பேசினது அதுதான். நான் பக்கத்துல இல்ல அத்தை."

இவ்வளவையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தையின் கண்ணில் ஏதோ எழுந்தது. அதற்கு முன்னால் அவன் அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "கீழ அனுப்பினாளா?" என்றார். "கீழதான நான் இருந்தேன். என்னப் பாத்துட்டு வரச் சொன்னாளா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆமாம் என்றால் அத்தை கையை நீட்டிவிடுவார். ஊசி ஏறிவிடும். தண்ணீர் இறங்கிவிடும். அத்தை பிழைத்துக்கொள்வார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இனி வரும் நாளெல்லாம் நிம்மதியாக இருப்பார். நர்ஸ் அவன் வாயையே பார்த்தாள்.

அத்தையின் முகத்தைப் பார்த்தான். நீலம் பாய்ந்த உதடு. விழுகிற வார்த்தையை விழுந்தபடி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் கண்.

"இல்ல அத்தை," என்றான். "அதுக்கு இல்ல."

அத்தை வெகுநேரம் பார்த்ததாக அவனுக்குத் தோன்றியது. இரண்டு மூச்சுதான் இருக்கும். பிறகு போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்துப் பலகைமேல் நீட்டினார். நரம்பு புடைத்த, ஊசித் தழும்பு நிறைந்த கை. டெக்னீஷியன் பாய்ந்து வந்து பட்டையைக் கட்டினான். நர்ஸ் ஆக்சிஜன் மூடியை மறுபடி மூக்குக்குமேல் ஏற்றினாள்.

மூடிக்குள்ளிருந்து அத்தை சொன்னார்: "சரி. பொய் சொல்லல. இப்ப வார்த்தையச் சொல்லுங்க. கூட்டாம, கொறைக்காம."

ஊசி உள்ளே போயிற்று. குழாயில் சிவப்பு ஏறத் தொடங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்ன வேகத்திலேயே சொன்னான்:

"டேய், வண்டியில பின்கண்ணாடி தொறந்தே கெடக்குடா. மழ வருது பாரு. போய் ஏத்திட்டு வா."